ரிப்போர்ட்டில் ஆயுசைத் தேடும்போது செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பக்கமோ வண்ணார்பேட்டைப் பக்கமோ, எந்த ஐசியூ வாசலில் நின்றாலும் இதைப் பார்க்கலாம். காலை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மகனோ மருமகனோ அதைப் போனில் படம் எடுத்து, சவுதியில் நர்ஸாக இருக்கும் சொந்தக்காரப் பெண்ணுக்கு அனுப்புவார். "சிஆர்பி நூத்தி எண்பது காட்டுது, வாப்பா பொழச்சிருவாகளா?" என்று ஒரு வாய்ஸ் மெசேஜும் கூடவே போகும்.

திருநெல்வேலிச் சீமையில் நுரையீரல் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. பீடியிலேயே காலத்தை ஓட்டிய தாத்தாக்கள், விறகடுப்புப் புகையில் நாற்பது வருஷம் சமைத்த ஆச்சிகள், என்றோ வந்த டிபி ஆறியும் தழும்பு ஆறாதவர்கள் எல்லாரும் உண்டு. இவர்களில் சிலருக்கு ஒரு நிமோனியா வந்தாலே வெண்டிலேட்டர் வரை இழுத்துவிடும். அங்கே தினமும் எடுக்கும் ரத்தத்தில் பார்க்கும் சில அளவுகளைத்தான் பயோமார்க்கர் என்கிறார்கள். சிஆர்பி, ப்ரோகால்சிடோனின், டி-டைமர், லாக்டேட், ட்ரோபோனின், என்டி-ப்ரோபிஎன்பி, அல்புமின் என்று பட்டியல் நீளும். கோவிட் வந்த பிறகு இந்தப் பெயர்கள் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டன. பெயர் பரவிய வேகத்துக்கு வாசிக்கும் பழக்கம் பரவவில்லை. லேப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு அடிக்கடி கண்ணில் படும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐசியூவைத் தாண்டுவதும் அடுத்த வருஷம் இருப்பதும்

"பொழச்சிருவாகளா?" என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த வாரம் கண்டத்தைத் தாண்டுவாரா என்பது ஒன்று. தாண்டி வீட்டுக்குப் போனால் எத்தனை நாள் நன்றாக இருப்பார் என்பது இன்னொன்று. ஒரே எண்ணை வைத்து இரண்டுக்கும் பதில் தேடுவதுதான் முதல் தவறு, மற்ற பல தவறுகளுக்கு மூலமும் அதுவே.

சிஆர்பி பிறந்ததே நிமோனியாவில்தான். 1930இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃப்ரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். உடம்பில் எங்காவது அழற்சி கிளம்பினால் ஐஎல்-6 என்ற சமிக்ஞை கல்லீரலுக்குப் போகும். உடனே கல்லீரல் இதைத் தயாரித்துத் தள்ளும். அழற்சி அடங்கினால் தயாரிப்பு நிற்கும், ரத்தத்தில் இருப்பது ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகும். ஆக, சிஆர்பி சொல்வது இன்றைய அழற்சியை. அடுத்த சித்திரையைப் பற்றி அதற்கு அவ்வளவாகத் தெரியாது.

இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். நாற்பத்தைந்து வயதுக்காரர், இதுவரை காய்ச்சலுக்குக்கூடப் படுக்காதவர், ஒரு பக்க நுரையீரல் முழுக்க நிமோனியா, சிஆர்பி 280. இன்னொருவர் எழுபத்திரண்டு வயது, பத்து வருஷமாக சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய், எடை நாற்பத்திரண்டு கிலோ, சிஆர்பி 40. முதல் ஆள் ஒரு மாதத்தில் வயலில் நிற்கக்கூடும். இரண்டாமவர் ஐசியூவை லேசாகத் தாண்டிவிட்டு, அந்த வருஷத்துக்குள் இரண்டு மூன்று முறை திரும்பி வரக்கூடும். ரிப்போர்ட்டை மட்டும் பார்க்கிற சொந்தக்காரர் பயப்படுவது முதல் ஆளைப் பார்த்துத்தான்.

டாக்டர்கள் போடும் மதிப்பெண்களுக்கும் இதே எல்லை உண்டு. நிமோனியாவுக்கான கர்ப்-65 முப்பது நாள் ஆபத்துக்காகச் செய்தது. சிஓபிடி மோசமாகி வருபவர்களுக்கான டிகாஃப், அந்தத் தடவை ஆஸ்பத்திரியிலேயே உயிர் போகும் ஆபத்தைச் சொல்வது. ஐசியூ நோயாளிகளுக்காக 1985இல் வந்த அபாச்சி-2 மதிப்பெண்ணும் அப்படியே. இவற்றை வைத்து ஒரு வருஷம், ஐந்து வருஷம் என்று பேசினால் கருவியை அதன் வேலையை விட்டு வெளியே இழுத்ததாகிவிடும்.

நீண்ட காலத்தைப் பற்றிக் கொஞ்சமாவது பேசுபவை, உடம்பில் இருப்பு எவ்வளவு என்று காட்டும் அளவுகள். இதயத்தின் சிரமத்தைக் காட்டும் என்டி-ப்ரோபிஎன்பி, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின், அல்புமின் என்ற ரத்தப் புரதம், ஹீமோகுளோபின் போன்றவை. எம்ஆர்-ப்ரோஏடிஎம் மாதிரியான மார்க்கர்களும் ஆய்வுகளில் நன்றாகவே வருகின்றன. நம் ஊர் ரிப்போர்ட்டில் அதைப் பார்க்கப்போவதில்லை, அதனால் விட்டுவிடலாம்.

அலகை விட்டுவிட்டு எண்ணைப் பிடிப்பது

இது சின்னத் தவறு மாதிரி தெரியும். உண்டாக்கும் கலவரம் பெரிது.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு லேபில் எடுத்த சிஆர்பி 12.4 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் கழித்து பாளையங்கோட்டையில் எடுத்தது 96. எட்டு மடங்கு ஏறிவிட்டது என்று வீடே அழும். முதல் சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் மில்லிகிராம்/டெசிலிட்டர் என்று இருக்கும். இரண்டாவதில் மில்லிகிராம்/லிட்டர். முதலாவதைப் பத்தால் பெருக்கினால் 124. அதாவது 124 இருந்தது 96 ஆகக் குறைந்திருக்கிறது. வந்தது நல்ல செய்தி, அழுதது வீண்.

ரத்தக்கட்டி கரையும்போது உண்டாகும் டி-டைமரில் குழப்பம் இன்னும் கூடுதல். எஃப்இயூ என்று ஒரு அலகு, டிடியூ என்று ஒரு அலகு. முதலாவது ஏறக்குறைய இரண்டாவதைப் போல் இரண்டு மடங்கு. 500 என்ற பழகிய எல்லை எஃப்இயூவில் நானோகிராம்/மில்லிலிட்டர் கணக்கு. ஐம்பது வயதுக்கு மேல் வயதைப் பத்தால் பெருக்கி எல்லையாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு, எழுபத்தெட்டு வயதுக்கு 780. இன்னொன்று, அந்த எல்லை நுரையீரலுக்கு ரத்தக்கட்டி போயிருக்காது என்று விலக்கிவைக்கத்தான். ஐசியூவில் படுத்திருக்கும் யாருக்கும் டி-டைமர் கூடியிருப்பது சகஜம். அதில் ஆயுசு எழுதியிருக்கிறது என்ற எண்ணம் கோவிட் விட்டுப்போன மிச்சம்.

யூரியாவிலும் இதே கதைதான். கர்ப்-65இல் வரும் யூரியா எல்லை 7 மில்லிமோல்/லிட்டர். நம் லேப் கணக்கில் யூரியா என்றால் அது சுமார் 42 மில்லிகிராம்/டெசிலிட்டர், பியூஎன் (யூரியாவிலுள்ள நைட்ரஜன் மட்டும்) என்று எழுதியிருந்தால் சுமார் 20. இரண்டையும் மாற்றிப் போட்டால் மதிப்பெண்ணில் ஒன்று கூடும் அல்லது குறையும். அவசரத்தில் டியூட்டி டாக்டருக்கே இது நேரலாம்.

ஒரு நாள் எண்ணில் உட்கார்ந்துவிடுவது

அட்மிஷன் அன்று சிஆர்பி 150, மறுநாள் 210. மருந்து வேலை செய்யவில்லை என்று பதறி, வேறு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சிஆர்பி உச்சிக்குப் போகவே ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். அதனால் இரண்டாம் நாள் ஏற்றம் பெரும்பாலும் முதல் நாள் நோயின் எதிரொலிதான். நிமோனியாவில் டாக்டர்கள் கவனிப்பது நாலாம் நாளை. அன்றைக்குள் பாதியாகக் குறையவில்லை என்றால் சிக்கல்களும், முப்பது நாள் ஆபத்தும் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சீழ் கட்டியிருக்கிறதா, கிருமிக்கும் மருந்துக்கும் பொருந்தவில்லையா என்று தேட வேண்டிய நாள் அது. பாக்டீரியா தொற்றில் ஏறும் ப்ரோகால்சிடோனினும் சுமார் ஒரு நாளைக்குப் பாதியாகும். அதன் முக்கிய வேலை ஆன்டிபயாடிக்கை எப்போது நிறுத்தலாம் என்று சொல்வது. சிறுநீரகம் கெட்டிருந்தால் தொற்று இல்லாமலேயே கூடிக் காட்டும்.

மருந்து மாற்றிய எண்ணை நோயின் கணக்கில் எழுதுவது

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. படித்தவர்கள்கூட இதில் விழுகிறார்கள்.

லாக்டேட்டை எடுத்துக்கொள்வோம். திசுக்களுக்கு ஆக்சிஜனும் ரத்த ஓட்டமும் போதாதபோது இது ஏறும். 2016இல் வகுத்த செப்சிஸ் ஷாக் (தொற்று முற்றி பிரஷர் விழுவது) வரையறையில் 2 மில்லிமோல்/லிட்டருக்கு மேல் என்பது ஒரு நிபந்தனை. அதனால் 5 என்று பார்த்ததும் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் வீசிங்கோடு வந்தவருக்கு சால்பியூட்டமால் நெபுலைசேஷன் மூன்று நான்கு தடவை அடுத்தடுத்துக் கொடுத்திருந்தால், அந்த மருந்தே லாக்டேட்டை ஏற்றும். நோயாளி பரவாயில்லை, பேசுகிறார், பிரஷர் நன்றாக இருக்கிறது, கை கால் வெதுவெதுப்பாக இருக்கிறது, லாக்டேட் மட்டும் ஏறியிருக்கிறது என்றால் எத்தனை நெபுலைசேஷன் போனது என்று முதலில் கேட்க வேண்டும். இதைக் கவனிக்காமல் ஷாக் என்று நினைத்துத் திரவத்தை ஊற்றினால் கெடுதல் நுரையீரலுக்குத்தான்.

மாதிரி எடுப்பதிலும் வினை உண்டு. குழாய்க்குள் போன பிறகும் சிவப்பணுக்கள் சர்க்கரையைச் சாப்பிட்டு லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வள்ளியூரிலோ நாங்குநேரியிலோ காலையில் எடுத்த ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் போட்டு, மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்து வண்ணார்பேட்டைக்கு அனுப்பினால், வந்து சேரும் எண் நோயாளியுடையது என்று சொல்ல முடியாது. ஃப்ளூரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய் வேண்டும், ஐஸ் வேண்டும், சீக்கிரம் ஓட்ட வேண்டும். ஐசியூவிலேயே பிளட் கேஸ் மெஷின் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

அடுத்தது ஸ்டீராய்டு. வீசிங்கோடு மூச்சு முட்டி வருபவருக்கு உள்ளூர் டாக்டர் ஒரு ஊசியைப் போட்டுத்தான் மேலே அனுப்புவார், அது சரியான காரியமும்கூட. அதற்குப் பிறகு எடுக்கும் சிபிசியில், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கையில், வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் கூடும், லிம்போசைட் குறையும், ஈசினோஃபில் ஏறக்குறைய காணாமல் போகும். நியூட்ரோஃபிலை லிம்போசைட்டால் வகுத்து ஆபத்தைக் கணக்கிடும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. ஊசிக்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்று தெரியாமல் அந்த வகுத்தலைச் செய்வதில் பயனில்லை. டிகாஃபில் வரும் ஈசினோஃபில் குறைவும் இதே கேள்விக்கு உட்பட்டதுதான். அந்த எல்லை ஒரு மைக்ரோலிட்டரில் 50க்குக் கீழே. ஊசி போட்ட உடம்பில் அது தானாகவே வந்துவிடும்.

டோசிலிசுமாப் கொடுத்தவருக்கு சிஆர்பி சரிவது இன்னொரு கண்கட்டு. ஐஎல்-6 போய் உட்காரும் இடத்தை அந்த மருந்து அடைத்துவிடுவதால் கல்லீரலுக்கு உத்தரவே போவதில்லை. புதுத் தொற்று வந்தாலும் சிஆர்பி வாயைத் திறக்காது. அல்புமினும் அப்படி ஏமாற்றும். மூன்று லிட்டர் ட்ரிப்ஸ் ஏறிய மறுநாள் அது குறைவாகக் காட்டினால் சாப்பாட்டுக் குறை என்று சொல்லிவிடக் கூடாது. நீர்த்துப்போனதும், ரத்தக் குழாயிலிருந்து கசிந்ததும் அதில் சேர்ந்திருக்கும்.

பழைய ரிப்போர்ட்டை வீட்டில் விட்டு வருவது

சிபிசியில் ஆர்டிடபிள்யூ என்று ஒரு வரி இருக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிவப்பணுக்கள் எவ்வளவு சின்னதும் பெரிதுமாகக் கலந்திருக்கின்றன என்பதன் அளவு. 14.5 சதவீதம் வரை சாதாரணம் என்பார்கள். ஐசியூ நோயாளிகளில் இது கூடியிருந்தால் உயிராபத்தும் கூடியிருக்கிறது என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். தனிக் காசு கேட்காத மார்க்கர் என்பதால் இளம் டாக்டர்களுக்கு இதன்மேல் ஒரு பிரியம்.

முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ சிறு வயதிலிருந்தே பீடி சுற்றும் ஒரு பெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்துக் குறைவு அவருக்குப் பல வருஷப் பழக்கம், ஆர்டிடபிள்யூ 18 என்பதும் பல வருஷப் பழக்கம். நிமோனியாவோடு வந்த அன்று அதே 18 வந்தால், ரத்தசோகையைத்தான் அது சொல்கிறது. போன வருஷ ரிப்போர்ட் கையில் இருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ரத்தம் ஏற்றியிருந்தாலும் இந்த எண் கலைந்துபோகும். கிரியேட்டினின், ஹீமோகுளோபின், என்டி-ப்ரோபிஎன்பி எல்லாவற்றுக்கும் பழைய எண்தான் அளவுகோல். ஸ்கேன் ஃபிலிமைப் பத்திரமாக எடுத்து வருபவர்கள் சுகர் பார்த்த பழைய சீட்டைக் கிழித்துப்போட்டுவிடுகிறார்கள்.

இதிலேயே இன்னொரு சறுக்கலும் இருக்கிறது. "இந்த மார்க்கர் கூடினால் இறப்பு கூடுகிறது" என்று ஆய்வு சொல்வது ஒரு கூட்டத்தைப் பற்றி. குற்றாலத்தில் இந்த வருஷம் சீசன் நன்றாக இருக்கும் என்று சொல்வதை வைத்து, வருகிற புதன்கிழமை ஐந்தருவியில் தண்ணீர் விழுமா என்று சொல்ல முடியுமா? கூடுதல் ஆபத்துள்ள கூட்டத்திலும் பெரும்பான்மையோர் பிழைத்து நடமாடுவது உண்டு. அந்த எல்லைக்கோடுகளைப் போட்டதும் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா ஆட்களின் ரத்தத்தில்தான். டிபி தழும்பும் ரத்தசோகையும் கூடிய நம் ஆட்களுக்கு அதே கோடு அதே அர்த்தம் தரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நுரையீரல் நோயாளிக்கு இதயமும் உண்டு

சிஓபிடி மோசமாகி வந்தவருக்கு, இதயத் தசை அடிபட்டால் ஏறும் ட்ரோபோனின் லேசாகக் கூடியிருக்கலாம். ஒரு சாரார் அதை ஹார்ட் அட்டாக் என்று பதறுவார்கள். இன்னொரு சாரார் "மூச்சுத் திணறலில் கூடத்தான் செய்யும்" என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டாவது ஆட்களால்தான் சேதம் அதிகம். நார்வேயில் செய்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், சிஓபிடி மோசமாகிச் சேர்ந்தபோது ட்ரோபோனின் கூடியிருந்தவர்கள் வீடு திரும்பிய பின் வந்த வருஷங்களிலும் அதிகமாக இறந்தார்கள். நீண்ட காலம் பற்றி நேராகப் பேசும் ரத்த அளவுகளில் இது ஒன்று. பீடி நுரையீரலை மட்டும் கெடுத்துவிட்டு இதயத்தை விட்டுவைக்காது அல்லவா? மூச்சு அடங்கியதும் ஈசிஜி, எக்கோ, இதய டாக்டரிடம் ஒரு பார்வை என்று போக வேண்டும். என்டி-ப்ரோபிஎன்பியை வாசிக்கும்போது மட்டும் வயதையும் சிறுநீரகத்தையும் கூடச் சேர்த்து வாசியுங்கள், இரண்டும் அதைக் கூட்டும். உடல் பருமன் குறைத்துக் காட்டும்.

டிஸ்சார்ஜ் ஆனதும் பைலை மூடிவிடுவது

எல்லாரும் நினைவில் வைத்திருப்பது மிக மோசமான நாளின் எண்ணை. நீண்ட காலத்துக்கு அதைவிடப் பயனுள்ளது வீட்டுக்குப் போகும் நாளின் எண். அமெரிக்காவில் நிமோனியாவிலிருந்து பிழைத்தவர்களைத் தொடர்ந்து பார்த்து 2008இல் வெளியான ஆய்வில், டிஸ்சார்ஜ் அன்று ஐஎல்-6 கூடியிருந்தவர்கள் அடுத்த ஒரு வருஷத்தில் அதிகமாக இறந்தார்கள். காய்ச்சல் இல்லை, பார்வைக்கு நன்றாகத்தான் போனார்கள். உள்ளே நெருப்பு அணையவில்லை. அதற்காக எல்லாரும் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஐஎல்-6 பார்க்க வேண்டாம், அதைக் குறைக்க இப்போதைக்குத் தனி வைத்தியமும் இல்லை. டிஸ்சார்ஜ் அன்றைய சிபிசி, சிஆர்பி, கிரியேட்டினின், அல்புமின், அதோடு உடல் எடை, இவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் போதும்.

அந்தத் தாளில் கிரியேட்டினினை மட்டும் ஜாக்கிரதையாக வாசிக்க வேண்டும். அது தசையிலிருந்து வருவது. மூன்று வாரம் வெண்டிலேட்டரில் படுத்தவருக்குத் தொடையும் தோளும் கரைந்து போயிருக்கும். வருவதே குறைவு என்பதால் 0.6 என்று அழகாகக் காட்டும். சிறுநீரகம் தேறிவிட்டது என்று நினைத்து மருந்தின் அளவைக் கூட்டிவிட இடம் உண்டு. யூரியா கூடிக்கொண்டே போய், கிரியேட்டினின் குறைந்துகொண்டே வந்தால் தசை உருகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

டொரான்டோவில் ஏஆர்டிஎஸ் என்ற கடும் நுரையீரல் செயலிழப்பிலிருந்து பிழைத்த 109 பேரைத் தொடர்ந்து பார்த்து 2003இல் வெளியிட்டார்கள். ஐசியூவை விட்டு வரும்போது எடையில் 18 சதவீதம் போயிருந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு நுரையீரல் ஓரளவு தேறியும், நடக்க முடியாததற்குக் காரணம் தசை பலவீனம். ஐந்தாம் வருஷத்திலும் ஆறு நிமிஷ நடை, எதிர்பார்க்க வேண்டியதில் 76 சதவீதம்தான். இதை எந்த ரத்தப் பரிசோதனையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வீட்டு வராந்தாவில் எத்தனை நடை நடக்கிறார் என்று வாரம் ஒரு முறை குறித்து வைப்பது லேப் சீட்டைவிட அதிகம் சொல்லும். முட்டை, மீன், பருப்பு என்று புரதம் போக வேண்டும். "சளிக்கு ஆகாது" என்று மீனை நிறுத்துவது நம் பக்கத்து வழக்கம், இந்த நேரத்தில் அது வேண்டாம்.

இனி, ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கலாம் என்றால் எதை என்று கேட்பவர்களுக்கு: ஏபிஜி, ரத்தத்தின் ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் காட்ட மணிக்கட்டுத் தமனியில் எடுக்கும் பிளட் கேஸ். பயோமார்க்கர் பட்டியலில் அது கவர்ச்சியாக இருக்காது. மற்றவை ஆபத்து இருக்கிறது என்று சொல்லிவிட்டு நின்றுவிடும், இதைப் பார்த்தால் செய்வதற்கு ஒரு காரியம் இருக்கிறது. பிரிட்டனில் 1981இல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்த சிஓபிடிக்காரர்களில் தினமும் 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுத்த 42 பேரில் ஐந்து வருஷத்தில் 19 பேர் இறந்தார்கள், எடுக்காத 45 பேரில் 30 பேர். கார்பன் டை ஆக்சைடுக்கும் இதுபோல் ஒன்று இருக்கிறது. அதே பிரிட்டனில் 2017இல் வெளியான ஆய்வு அது. கடுமையான கட்டம் முடிந்து இரண்டு முதல் நான்கு வாரம் கழித்தும் அது 53 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் நின்றவர்களுக்கு, வீட்டில் ஆக்சிஜனோடு மாஸ்க் வழியே காற்றைத் தள்ளும் பைபாப் மெஷினும் கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்குள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதோ இறப்பதோ 80 சதவீதத்திலிருந்து 63 ஆகக் குறைந்தது. இந்தப் பலன் பெரிதும் வந்தது மறுபடி சேர்வது தள்ளிப்போனதால்.

இங்கேதான் நாளைக் கவனிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று எடுத்த ஏபிஜியை வைத்து ஆயுள் முழுக்க ஆக்சிஜன் என்று முடிவு செய்யவும் கூடாது, தேவையில்லை என்று விடவும் கூடாது. உடம்பு நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். மறுபடி எடுக்கும்போது, டாக்டர் அனுமதித்தால் அரை மணி நேரமாவது ஆக்சிஜனைக் கழற்றிவிட்டு, அமைதியாக உட்கார வைத்து எடுக்க வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு கையை நீட்டினால் எண் மாறும். எடுத்த இடத்தை ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும் கொஞ்சம் கூட.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இந்த வேலையைச் செய்யாது. அதற்குக் கார்பன் டை ஆக்சைடு தெரியாது. சிஓபிடிக்காரருக்கு டாக்டர் 88க்கும் 92க்கும் இடையில் வைக்கச் சொல்லியிருப்பார். வீட்டில் 98 வந்தால்தான் நிம்மதி என்று ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரைக் கூட்டிவைப்பார்கள், அதில் கார்பன் டை ஆக்சைடு ஏறலாம். விடியக்காலம் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் என்று ஆரம்பித்தால், மீட்டரில் 98 இருந்தாலும் அன்றே கூட்டிக்கொண்டு போய் ஏபிஜி எடுக்கச் சொல்லுங்கள். கிளம்பும்போது பழைய பைலோடு, ஆக்சிஜன் எத்தனை லிட்டரில் ஓடியது என்பதையும் குறித்து எடுத்துப் போங்கள். டியூட்டி டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.